சாமான் பை யார் கையில்?

ரொறன்ரோத் தமிழருக்கு வெள்ளிக்கிழமை கோயில் நாள். வியாழக்கிழமை ஃபிளையர் நாள். அன்றுதான் ஒன்ராறியோவின் பெரிய உணவுக் கடைகள் அந்தக் கிழமைக்கான மலிவு விலைகளை வெளியிடுகின்றன. கோழி எங்கே மலிவு, பால் எங்கே மலிவு, வெங்காயம் எங்கே மூட்டையாகப் போகிறது என்று வாசலில் விழுந்த தாள்களைப் பரப்பிவைத்துப் பார்த்த காலம் போய், இப்போது ஃபிளிப் செயலியில் விரலால் தள்ளிப் பார்க்கிறோம். (ஃபிளிப்பும் இந்த ஊர்க் கம்பனிதான்.) நோ ஃபிரில்ஸ் காசாளரிடம் இன்னொரு கடையின் ஃபிளையரைக் காட்டி, அதே விலைக்கு வாங்கிக்கொண்டு வெளியே வருபவரின் முகத்தில் ஒரு வெற்றிக்களை இருக்கும். நீங்களும் கண்டிருப்பீர்கள். கண்ணாடியிலும் கண்டிருக்கக்கூடும்.

விலை பார்த்து வாங்குவதைத் திறமையாக மதிக்கும் இப்படியொரு சமூகத்தில், சாமானை வீட்டுக்கு வரவழைப்பவர் கொஞ்சம் ஒளித்துத்தான் செய்யவேண்டியிருக்கிறது. "உங்களுக்கென்ன, சாமானும் வீட்டை வருது" என்று ஒரு மாமி சொன்னால் அதற்குள் மூன்று குற்றச்சாட்டுகள் இருக்கின்றன: காசு கூடிவிட்டது, உடம்பு வளையாது, நல்ல மீன் பார்த்து வாங்கத் தெரியாது. மூன்றில் எது கூடச் சுடும் என்பது கேட்பவரைப் பொறுத்தது. நகர மையத்துக் கொண்டோக்களில் வாழும் இளம் தம்பதிகள் இதையெல்லாம் சட்டைசெய்வதில்லை என்பார்கள். ஆனாலும் அம்மா வருகிற நாளில் கதவடியில் கிடக்கும் கடதாசிப் பைகளை அவசரமாக உள்ளே இழுப்பவர்களும் அவர்களேதான்.

இந்த வெட்கம் எங்கிருந்து வந்தது? அதற்கு இந்த நகரத்தின் பழைய கதையைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். அந்தக் கதையில் நாம் நினைப்பதற்கு நேர் எதிரானது நடந்திருக்கிறது.

கடைக்காரர் இறக்கிவைத்த சுமை

நூறு வருடங்களுக்கு முன்னர் ரொறன்ரோவில் சாமான் வீட்டுக்கு வருவதே வழமை. கடைக்காரர் மேசைக்குப் பின்னால் நின்று கேட்டதை நிறுத்துக் கட்டுவார். கணக்கு கொப்பியில் ஏறும். குதிரை வண்டி வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போகும். தொலைபேசி வைத்திருந்தவர்கள் கடைப்பக்கம் போகாமலே சொல்லிவிடுவார்கள். பால் விடியமுன் வந்துவிடும். பழைய ரொறன்ரோ வீடுகள் சிலவற்றின் பக்கச்சுவரில் இன்றும் ஒரு சின்னக் கதவு தெரியும். பால்காரர் வெளியிலிருந்து போத்தலை வைக்க, வீட்டுக்காரர் உள்ளிருந்து எடுக்கவென்று கட்டிய பெட்டி அது. யாரும் அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லவில்லை.

1919இல் தியடோர் பிரிங்கிள் லொப்லோ என்பவரும் மில்டன் கோர்க் என்பவரும் டன்டாஸ் வீதி மேற்கில் ஒரு கடை திறந்தார்கள். மூன்று வருடங்களுக்கு முன் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் பிக்லி விக்லி என்ற கடை காட்டிய வழி அது. வாடிக்கையாளரே தட்டிலிருந்து எடுக்கவேண்டும், உடனே காசு கட்டவேண்டும், தானே சுமந்துகொண்டு போகவேண்டும். கடனும் இல்லை, டெலிவரியும் இல்லை, ஆகவே விலை குறைவு. இன்று கனடாவின் மிகப் பெரிய உணவு வணிக நிறுவனமாக நிற்கும் லொப்லோவின் தொடக்கம் இதுதான். கடையாள் பார்த்த வேலையை வாடிக்கையாளர் தோளுக்கு மாற்றி, அதற்கு ஒரு கழிவு கொடுத்தார்கள். காசு மிச்சம்பிடிக்க வேண்டியிருந்தவர்கள் சுமந்தார்கள். வசதி இருந்தவர்களுக்கு வண்டி வந்துகொண்டே இருந்தது.

தள்ளுவண்டியின் கதையும் இப்படித்தான். 1937இல் ஒக்லஹோமாவில் சில்வன் கோல்ட்மன் என்ற கடைக்காரர் அதைக் கொண்டுவந்தபோது ஆண்கள் தொடவில்லை. கூடையைக் கையில் தூக்க வலுவில்லையா என்று கேட்பார்களோ என்ற கூச்சம். பிள்ளை வண்டில் தள்ளித் தள்ளிக் களைத்துப்போன பெண்களும் ஒதுங்கினார்கள். கடைசியில் காசு கொடுத்து ஆட்களைப் பிடித்து, கடைக்குள் வண்டி தள்ளிக்கொண்டு நடக்கவிட்டார். அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கைவைத்தார்கள். ஊரார் கண் என்பது நம்மவருக்கு மட்டும் உரிய நோயல்ல.

லொப்லோ நிறுவனம் 1978இல் ஈஸ்ட் யோர்க்கில் முதலாவது நோ ஃபிரில்ஸைத் திறந்தபோது சுமையை இன்னும் கொஞ்சம் நம் பக்கம் தள்ளியது. சாமானை அடுக்குவதும் நீங்களே, பைக்குக் காசு கொடுப்பதும் நீங்களே. சில வருடங்களில் நாம் வந்து சேர்ந்தோம்.

இரண்டு சில்லுக் கூடையிலிருந்து வானுக்கு

இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வந்தவர்களில் பலருக்கு முதல் முகவரி வெலஸ்லியும் பார்லிமென்றும் சந்திக்கும் சென் ஜேம்ஸ் டவுன் மாடிக் கட்டடங்கள். கார் இல்லை. இரண்டு சில்லு வைத்த இழுவைக் கூடையை, இந்த ஊரார் பண்டில் பகி என்று சொல்வதை, பனியில் இழுத்துக்கொண்டு போய்ச் சாமான் வாங்கிவந்தார்கள். அந்தக் கூடை ஒரு அடையாள அட்டை மாதிரி இருந்தது. கிழவிகளும் கார் இல்லாதவர்களும்தான் இழுப்பார்கள் என்று ஊரே அறிந்திருந்தது. பிறகு கார், பிறகு ஸ்காபரோவில் வீடு, பிறகு மார்க்கத்தில், ஏஜக்சில், பிராம்டனில் இரட்டைக் கராஜ் வீடு, அதற்குள் ஒரு வான். கொஸ்ட்கோ அட்டை. (அதன் ஆண்டுச் சந்தா 2024 செப்டெம்பரில் 65 டொலராக ஏறியபோது தமிழ் வீடுகளில் எழுந்த முணுமுணுப்பை நான் கேட்டேன். ஒருவரும் அட்டையை விட்டதாகக் கேள்விப்படவில்லை.) வானின் பின்கதவைத் திறந்து அரிசி மூட்டையை இறக்குவது இந்தத் தலைமுறைக்கு வாழ்ந்து காட்டியதன் சாட்சி. டெலிவரி அந்தச் சாட்சியை இல்லாமல் செய்துவிடுகிறது. மாமியின் கோபத்தில் பாதி இதற்குத்தான்.

மற்றப் பாதி இன்னும் பழையது. யாழ்ப்பாணத்தில் சந்தைக்குப் போவது அனேகமாக அப்பாக்களின் வேலை. சைக்கிள் கைபிடியில் பன்பை தொங்கும். திருநெல்வேலியோ சுன்னாகமோ சாவகச்சேரியோ, எந்தச் சந்தையில் எந்த நேரத்துக்கு எது மலியும் என்று தெரிந்து வைத்திருப்பது ஒரு படிப்பு. பள்ளிக்கூட அதிபரும் கிளாக்கரும் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. அதோடு சங்கக்கடை வரிசை. எழுபதுகளின் தொடக்கத்தில் பாணுக்கு வரிசையில் நின்றவர்களும், தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் அலைந்தவர்களும் இன்று ஸ்காபரோவில் எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். கையில் காசிருந்தும் சாமான் இல்லாத கடையைக் கண்டவர்களுக்கு, நிறைந்த கடைக்குள் நடப்பதே ஒரு நிம்மதி. அவர்களிடம் போய் நேரம் மிச்சம் என்று சொன்னால் என்ன விளங்கும்?

சென்னையிலோ மதுரையிலோ இருந்து வேலைக்கு வந்தவர்களின் அனுபவம் முற்றிலும் வேறு. அங்கே மாதச் சாமான் பட்டியலை அண்ணாச்சி கடையில் கொடுத்துவிட்டு வந்தால் கடைப்பையன் சைக்கிளில் கொண்டுவந்து இறக்குவான். இப்போது பிளிங்கிட்டும் செப்டோவும் சில நிமிடங்களில் கொத்தமல்லிக்கட்டுடன் மணி அடிக்கின்றன. மிசிசாகாவுக்கு வந்த பிறகுதான் அவர்களில் பலர் வாழ்க்கையில் முதல்தடவையாக வாராவாரம் தாமே பை சுமக்கிறார்கள். நமக்கு உயர்வாகத் தெரிந்த வான், அவர்களுக்கு வெளிநாட்டு வாழ்வின் தண்டனைகளில் ஒன்று.

கடையில் கிடைப்பதும் செயலியில் கிடைக்காததும்

தமிழ்க் கடைக்குப் போகும் காரணங்களில் சில செயலிக்குப் பிடிபடாதவை. விளைமீனைக் காட்டி, கறிக்கு வெட்டவோ பொரியலுக்கு வெட்டவோ என்று கேட்பவரிடம், தலையைப் பிளந்து தாருங்கள், சினை இருந்தால் எறியவேண்டாம் என்று சொல்ல எந்தச் செயலியிலும் பெட்டி இல்லை. கடைக்காரரின் முறைப்பையும் மீறி வெண்டிக்காய் நுனியை முறித்துப் பார்க்கும் உரிமையும் அங்கே இல்லை. முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்கவேண்டும், கத்தரிக்காயின் காம்பைப் பார்க்கவேண்டும், தேங்காயைக் காதடியில் ஆட்டிப் பார்க்கவேண்டும். முன்பின் தெரியாத ஒருவரிடம் இதையெல்லாம் ஒப்படைத்தால் கறிவேப்பிலை இல்லையென்று வேறேதோ ஒரு பச்சை இலை வந்து சேரும். எங்கள் வீட்டுக்குக் கொத்தமல்லிக்குப் பதில் பார்ஸ்லி வந்தது. ரசம் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

இந்தக் கடைகளுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பும் சொல்லப்படவேண்டியது. எற்றோபிக்கோவில் குயீன்ஸ்வே வீதியோரமாக 1954 முதல் இயங்கும் ஒன்ராறியோ ஃபூட் ரெர்மினல் என்ற மொத்தச் சந்தைக்குச் சிறு கடைக்காரர்கள் இருட்டோடு போய் மரக்கறி எடுக்கிறார்கள். ஊர்ச் சாமான் விமானத்தில் வருகிறது. பெரிய நிறுவனங்களிடம் இருக்கும் களஞ்சியமும் கணினியும் இவர்களிடம் இல்லை. ஆனாலும் 2020க்குப் பிறகு சில கடைகள் வாட்ஸ்அப்பில் ஓடர் எடுத்து, கடைக்காரரின் மகனையோ மருமகனையோ காரில் அனுப்புகின்றன. இதை டெலிவரி என்று யாரும் நினைப்பதுகூட இல்லை. ஆளைத் தெரியும், அவ்வளவுதான்.

வாசலடியில் இலவசப் பத்திரிகைகள் அடுக்கியிருக்கும்: கனடா உதயன், தாய்வீடு, இன்னும் சில. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் மரண அறிவித்தல், முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலி, பேஸ்மென்ட் வாடகைக்கு, நடன அரங்கேற்றம். யார் போய்ச் சேர்ந்தார், யார் வீட்டில் கொண்டாட்டம் என்று பலருக்குத் தெரியவருவது இங்கேதான். கடைக்குப் போகாத வீடு கொஞ்சம் கொஞ்சமாக இந்தச் செய்திகளிலிருந்து விடுபட்டுப்போகிறது. அதை நல்லது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. விவாகரத்தான பெண், வேலை போன ஆண், உறவுகள் ஏற்காத காதலில் இருக்கும் பிள்ளை, இவர்களுக்குத் தமிழ்க் கடையின் அரிசிச் சந்து ஒரு விசாரணைக் கூண்டு. "எங்கை உங்களைக் கண்டு கனகாலம்" என்ற ஒரு கேள்விக்குப் பயந்து செயலியைத் திறப்பவர்களைச் சோம்பேறி என்று யார் சொல்வது?

வயதானவர்கள் விடயத்தில் இது இன்னும் சிக்கலாகிறது. சனிக்கிழமை காலையில் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு. முடிந்ததும் மகன் அல்லது மகள் வந்து அம்மா அப்பாவை ஏற்றிக்கொண்டு கடைக்குப் போவார்கள். பல குடும்பங்களில் கிழமையில் ஒருநாள் ஒன்றாக இருக்கும் நேரம் அதுதான். பிள்ளை தூரப் போய்விட்டால், அல்லது சனிக்கிழமையும் வேலை என்றால், முதியோர் கட்டடத்து வாசலுக்குச் சாமான் வந்து இறங்கும். பால், முட்டை, பழம், எல்லாம் சரியாக இருக்கும். தன் அம்மா என்ன மாப்பால் குடிப்பார் என்று தெரிந்து ஓடர் செய்த பிள்ளை அது. பக்கத்து வீட்டம்மாவிடம் "மகன் அனுப்பினவர்" என்று பெருமையாகச் சொல்வார்கள். பக்கத்து வீட்டம்மா அதை எப்படிக் கேட்டுக்கொள்வார் என்பது இருவருக்கும் தெரியும். வந்த சாமானில் குறை ஒன்றும் இல்லை. வராத ஆள்தான் கதை.

பிள்ளைகள் வராத கிழமைகளில் பஸ் பிடித்துத் தாமே போகும் முதியவர்கள் இருக்கிறார்கள். 2018 ஓகஸ்டில் ரிரிசி கொண்டுவந்த இரண்டு மணித்தியால மாற்றுச் சலுகை அவர்களுக்கு ஒரு வரம். ஒரே கட்டணத்தில் போய், வாங்கி, திரும்பிவிடலாம், இரண்டு மணித்தியாலத்துக்குள் பஸ் ஏறினால். 2023 ஜூலையில் ஸ்காபரோ ஆர்ரி ரயில் தடம்புரண்டு ஒரேயடியாக மூடப்பட்ட பிறகு அந்தக் கணக்கு இறுகிவிட்டது. இறால் உரித்துத் தரும்வரை நிற்பதா, அடுத்த பஸ்ஸைப் பிடிப்பதா என்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களை மீன் பகுதியில் காணலாம்.

இலவச டெலிவரியின் விலை

இணையத்தில் உணவுச் சாமான் விற்பது ரொறன்ரோவுக்குப் புதிதல்ல. குரோசரி கேட்வே என்ற நிறுவனம் தொண்ணூறுகளின் இறுதியிலேயே இங்கே வண்டி ஓட்டியது. 2004இல் லொங்கோஸ் என்ற உணவுக்கடை நிறுவனம் அதை வாங்கியது. லொப்லோ 2017 டிசம்பரில் இன்ஸ்டகார்ட் மூலம் ரொறன்ரோவில் வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியது. இன்ஸ்டகார்ட்டை 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய அபூர்வா மேத்தா, இந்தியாவில் பிறந்து பக்கத்து ஹமில்டனில் வளர்ந்து வாட்டர்லூவில் படித்தவர். பஸ்ஸும் பனியும் அறிந்த ஊர்ப் பிள்ளை. சோபீஸ் நிறுவனம் 2020 ஜூனில், வோன் நகரில் ரோபோக்கள் சாமான் எடுத்துக்கொடுக்கும் பெரிய களஞ்சியத்தோடு, வுவாலா சேவையைத் திறந்தது. அதற்கு மூன்று மாதம் முன்னதாக, மார்ச் 17 அன்று, கொரோனாத் தொற்றுக்காக ஒன்ராறியோ அவசரநிலையை அறிவித்திருந்தது. அதுவரை டெலிவரியை நக்கலடித்தவர்கள்கூட நேரம் கிடைக்குமா என்று நடுராத்திரியில் விழித்திருந்து பார்த்தார்கள்.

தொற்று அடங்கிய பிறகு விலை ஏறியது. 2022 செப்டெம்பரில் கனடாவில் கடை உணவு விலை முந்தைய வருடத்தைவிட 11.4 வீதம் கூடியிருந்தது; 1981க்குப் பின் கண்டிராத வேகம். இந்த இடத்தில்தான் கடைக்குப் போவதற்கும் வரவழைப்பதற்கும் இடையிலான உண்மையான வேறுபாடு வெளிப்படுகிறது. பல கடைகளின் சாமானுக்குச் செயலியில் போட்டிருக்கும் விலை, தட்டில் ஒட்டியிருக்கும் விலையைவிடக் கூட. அதன்மேல் சேவைக் கட்டணம், அதன்மேல் டிப்ஸ். டெலிவரி இலவசம் என்று எழுதியிருந்தால் மற்ற இரண்டையும் பாருங்கள். ஃபிளையரைக் காட்டி விலை குறைக்கும் வழி அங்கே இல்லை. காலாவதி நெருங்கிய இறைச்சியில் ஒட்டும் அரைவிலை ஸ்டிக்கர் அங்கே கண்ணில் படாது. 2024 ஜனவரியில் அந்த 50 வீதக் கழிவை 30 ஆக்க லொப்லோ முனைந்தபோது எழுந்த எதிர்ப்பில் உடனே பின்வாங்கவேண்டி வந்தது. எத்தனை பேர் அந்த ஸ்டிக்கரை நம்பிச் சமைக்கிறார்கள் என்பது அப்போது வெளியில் தெரிந்தது. பில் அடிக்கும்போது தட்டு விலையைவிடக் கூட விழுந்தால், 10 டொலருக்கு உட்பட்ட பொருளை இலவசமாகத் தரவேண்டும் என்று பெரிய கடைகள் பல ஏற்றுக்கொண்ட விதி ஒன்றும் இருக்கிறது. கடையில் நிற்பவர்தான் அதைக் கேட்டு வாங்கலாம்.

ஆகவே டெலிவரி பணக்காரர் வேலை என்று முடித்துவிடலாமா? அங்கேயும் கணக்கு உதைக்கிறது. கார் இல்லாத பேஸ்மென்ட் குடும்பம், இரவுப் பணி முடித்து வரும் முதியோர் பராமரிப்புப் பணியாளர், கைக்குழந்தையோடு தனித்திருக்கும் தாய், முழங்கால் தேய்ந்தவர், இவர்களும் வரவழைக்கிறார்கள், கூடிய விலையைக் கொடுத்து. மலிவு, கார் உள்ளவர்களுக்கும் நேரம் உள்ளவர்களுக்கும் கிடைக்கிறது. மறுபக்கம், வசதி படைத்த ரொறன்ரோ சனிக்கிழமை காலையில் சென் லோரன்ஸ் சந்தைக்கு, 1803 முதல் சந்தை கூடும் அந்த இடத்துக்கு, துணிப்பையோடு நடந்து போகிறது. விவசாயியிடம் பெயர் சொல்லித் தக்காளி வாங்குகிறது. அவர்களுக்குப் பை சுமப்பது பொழுதுபோக்கு. இதே நகரில் டெய்லி பிரெட் உணவு வங்கியும் அதன் கூட்டு அமைப்புகளும் 2024 மார்ச்சில் முடிந்த ஒரு வருடத்தில் 34.9 இலட்சம் வருகைகளைப் பதிவுசெய்தன. அங்கே வரிசையில் நிற்பவர் கையிலும் ஒரு துணிப்பைதான் இருக்கிறது. பையை மட்டும் பார்த்து ஆளை எடைபோடுவதில் அர்த்தமில்லை.

படலைக்கு வெளியே நிற்பவர்

நாம் மறந்துவிட்டதாகப் பாவனை செய்யும் ஒன்றை இங்கே சொல்லவேண்டும். ஊரிலும் வீட்டுக்குச் சாமான் வந்தது. சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி மீன் வந்தது. பால் வந்தது, கீரை வந்தது, விறகு வந்தது. கொண்டுவந்தவர்களில் பலர் படலையைத் தாண்டவில்லை. தாண்ட விடவில்லை. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் எந்தப் பாத்திரத்தில் கொடுப்பது என்று எழுதாத சட்டம் இருந்தது. சிரட்டையில் ஊற்றிய வீடுகள் இருந்தன. அந்த நினைவோடு வாழ்பவர்கள் இந்த நகரில் இன்னும் இருக்கிறார்கள், படலையின் இரு பக்கத்தவரும். அப்பா சந்தைக்குப் போய்ப் பை தூக்கினார் என்று பெருமைப்படும்போது, அதே தெருவில் மற்றவர்களுக்காகச் சுமந்தவர்களைப் பற்றி நாம் பேசுவதில்லை.

2020இல் தொற்றுக்குப் பயந்து செயலிகள் கதவடியில் வைத்துவிட்டுப் போகும் முறையைப் பரவலாக்கின. தொற்று போய்விட்டது, முறை நிலைத்துவிட்டது. செயலிக்குச் சாதி தெரியாது என்பது சரி. ஆனால் கொண்டுவருபவரின் முகத்தைப் பாராமலே பொருளை எடுக்கும் வசதியை நாம் எவ்வளவு சுலபமாகப் பழகிக்கொண்டோம் என்று பாருங்கள். வேலைக்களைப்பு, வெட்கம், பிள்ளை நித்திரை என்று நூறு காரணம் சொல்லலாம். எனக்கு அவை முழுதாக ஒப்பவில்லை.

ஏனென்றால் கொண்டுவருபவர் இப்போது பெரும்பாலும் நம்மவர் போன்றவர்களே. யாழ்ப்பாணத்திலிருந்து அண்மையில் வந்து அகதிக் கோரிக்கை வைத்திருப்பவர், தமிழ்நாட்டிலிருந்தோ பஞ்சாபிலிருந்தோ வந்து கல்லூரிக் கட்டணத்துக்கு ஓடும் மாணவர், பிலிப்பீன்சிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் வந்தவர்கள். ஸ்காபரோவில் பையோடு நிற்பவர் "அக்கா, இதை உள்ளே வைக்கவோ?" என்று தமிழில் கேட்டுவிட்டால் இரு பக்கமும் ஒரு கணம் தடுமாறுகிறது. கேட்பவரின் அப்பா ஊரில் ஆசிரியராக இருந்திருக்கலாம். இங்கே முப்பது வருடங்களுக்கு முன் பத்திரிகை போட்டவர்களும் உணவகத்தில் கோப்பை கழுவியவர்களும்தான் இன்று கதவைத் திறக்கிறார்கள் என்பதை இரு தரப்பும் அறியும்.

அந்த வேலை எப்படி நடக்கிறதென்று பார்த்தால் டிப்ஸ் விடயத்தில் கை கொஞ்சம் தாராளமாகும். செயலியில் ஓடர்கள் ஒரு தொகையோடு திரையில் தோன்றும். முதலில் தொட்டவருக்கு அது. கடைக்குள் ஓடி ஒவ்வொன்றாகத் தேடவேண்டும். இல்லாத பொருளுக்கு மாற்றுக் கேட்டு நமக்குச் செய்தி அனுப்புவார், நாம் பதில் போடாமல் இருப்போம், அவர் காத்திருப்பார். பிறகு வரிசை, கார், பெற்றோல், படிக்கட்டு. கார் அவருடையது, தேய்வும் அவருடையது.

ஒன்ராறியோவில் இதற்கு ஒரு சட்டம் இருக்கிறது: டிஜிட்டல் மேடைப் பணியாளர் உரிமைச் சட்டம். 2022இல் நிறைவேறி 2025 ஜூலை 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. ஒரு வேலையை எடுத்ததிலிருந்து முடிக்கும்வரை குறைந்தபட்சக் கூலி கொடுக்கவேண்டும், டிப்ஸில் நிறுவனம் கைவைக்கக்கூடாது, காரணம் சொல்லாமல் ஆளை நீக்கக்கூடாது என்கிறது. மாகாணத்தின் குறைந்தபட்சக் கூலி 2025 ஒக்டோபரிலிருந்து மணிக்கு 17.60 டொலர். ஆனால் அடுத்த ஓடருக்காகக் கடை வாசலில் காருக்குள் குந்தியிருக்கும் நேரம் அந்தக் கணக்கில் சேராது. உறைபனி நாளில் அது எவ்வளவு நேரம் என்று கேட்டுப் பாருங்கள். முன்னதாக 2020 பெப்ரவரியில், ஃபுடோரா நிறுவனத்தின் உணவு விநியோகப் பணியாளர்கள் சுயதொழிலாளர்கள் அல்ல, சங்கம் அமைக்கலாம் என்று மாகாணத் தொழிலுறவுச் சபை தீர்ப்பளித்தது. மே மாதத்தில் ஃபுடோரா கனடாவை விட்டே போய்விட்டது.

இதையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, கடைக்குப் போவதா வரவழைப்பதா என்ற கேள்வியில் நம்மவர் வெட்கப்படும் இடம் பிழையானது என்று எனக்குப் படுகிறது. வரவழைப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இந்த நகரமே அப்படித்தான் சாப்பிட்டு வாழ்ந்தது. பால்காரரின் சின்னக் கதவு இன்னும் சுவரில் இருக்கிறது. மாமியின் மூன்று குற்றச்சாட்டுகளில் மீன் பற்றியதை மட்டும் ஒப்புக்கொள்ளலாம். அதற்கு நேரில்தான் போகவேண்டும். வெட்கப்படவேண்டிய காரியம் வேறு ஒன்று உண்டு: செயலியில் பெரிய டிப்ஸைக் காட்டி ஆளை வரவழைத்துவிட்டு, சாமான் வந்து இறங்கியபின் அதைக் குறைப்பது. அப்படிச் செய்யும் ஆட்கள் இருக்கிறார்கள். நம்மிடையேயும் இருக்கிறார்கள்.

குளிர்காலம் வருகிறது. வரவழைக்கிற வீடானால் வாசல் விளக்கைப் போட்டுவையுங்கள். வீட்டிலக்கம் பனிக்குள் மறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேஸ்மென்ட் கதவு எந்தப் பக்கம் என்று ஓடரிலேயே எழுதுங்கள். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு 40 இறாத்தல் அரிசி மூட்டையும் தண்ணீர்ப் போத்தல் கட்டும் ஒன்றாக ஓடர் போடாதீர்கள். அதை வானில் போய் எடுத்து வாருங்கள். படிகளில் உப்பைத் தூவுங்கள். முதலில் போட்ட டிப்ஸை அப்படியே விடுங்கள்.